பற்றீரியாவின் பற்று வரவு

மன்னாரின் நறுவிலிக்குளத்தில் நெஞ்செரிவுக்கும் வயிற்றெரிவுக்கும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிடவில்லை. கடையில் வாங்கிய குளிசையோடு அன்றைய பாடு முடிந்துவிடும். ஆனால் சிலருடைய எரிவுக்குப் பின்னால் 2 முதல் 4 மைக்ரோமீற்றர் நீளமான ஒரு பற்றீரியா இருக்கிறது: ஹெலிக்கோபக்டர் பைலோரி.

பற்று

2018இல் உலகெங்கும் தொற்றுக்களால் உண்டான புதிய புற்றுநோய்கள் ஏறத்தாழ 22 இலட்சம். அவற்றில் 8,10,000 இந்த ஒரு பற்றீரியாவால் வந்தவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரசின் பங்குகூட 6,90,000தான்.

1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் இந்தப் பற்றீரியாவைக் கண்டறிந்தார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் பிரிவில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பற்றீரியா அமோனியாவை உண்டாக்கி, சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பைச் சுவரில் குடியிருக்கும். பல பத்தாண்டு நீளும் அழற்சியில் சுவர் மெலியும்; கலங்கள் உருமாறும். ஆனாலும் தொற்றுள்ள 100 பேரில் இரைப்பைப் புற்றுநோய் வருவது 1 முதல் 3 பேருக்கே. இலங்கையில் அந்த நோய் குறைவு. இங்கு ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப் புற்றுநோய். ஆகவே பயம் வேண்டாம், கவனம் வேண்டும். மிகை உப்பு இந்தப் பற்றீரியாவுக்குத் துணைபோகும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புப் போதும். கருவாட்டிலுள்ள உப்பும் அதற்குள் அடக்கம்.

தீர்க்கும் செலவு

வைத்தியர்கள் எழுதித்தரும் முறைகளில் ஒன்று, 14 நாளுக்கான குளிசைக் கணக்கு:

ஒமெப்பிரசோல் 20 மி.கி. – 28
கிளாரித்ரோமைசின் 500 மி.கி. – 28
அமொக்சிசிலின் 500 மி.கி. – 56
மொத்தம் – 112

எரிவு தணிந்ததும் பாதியில் நிறுத்தினால் பற்றீரியா மிஞ்சும். அதன் விலையைத் தென்கொரியாவில், இரைப்பைப் புற்றுநோயாளரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தாரிடையே நடந்த ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 9 ஆண்டுகளில், தொற்று ஒழிந்த 608 பேரில் 5 பேருக்கும், தொற்று நீடித்த 979 பேரில் 28 பேருக்கும் புற்றுநோய் வந்தது.

தாய்வானின் மட்சு தீவுகளில் 2004இல் ஊர்முழுவதற்கும் பரிசோதனையும் சிகிச்சையும் தொடங்கின. தொற்று 64.2 வீதத்திலிருந்து 15 வீதமாக இறங்கியது. புதிதாக வரும் இரைப்பைப் புற்றுநோய் 53 வீதம் குறைந்தது.

வரவு

புற்றுநோயைத் தாக்க உதவும் பற்றீரியாவும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பதும் உயிருள்ள பற்றீரியாதான், வீரியம் குறைக்கப்பட்டது. அளவு 0.05 மி.லீ. அதே பற்றீரியாவை 50 மி.லீ. உப்பு நீரில் கலந்து, குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு 2 மணி நேரம் வைத்திருந்தால், விழித்தெழும் எதிர்ப்புக் கலங்கள் தசைவரை பரவாத புற்றுநோயைத் தாக்கும். கனடாவில் அல்வாரோ மொறாலெஸ் 1976இல் 9 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டார். இன்று வாரம் ஒன்றாக 6 முறை கொடுக்கிறார்கள். 3 ஆண்டுத் தொடர் சிகிச்சையில் மேலும் 21 முறை. குழந்தையில் போட்ட ஊசி இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

மீதி

தெற்கிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு, நமக்கு 100 கிலோமீற்றருக்கும் அப்பால். மகரகம புற்றுநோய் வைத்தியசாலை ஏறத்தாழ 300. சிகிச்சை இலவசம், பஸ் காசும், கூடப் போகிறவரின் நாட்கூலியும் இலவசமில்லை.

எனவே எரிவு வாரக்கணக்கில் நீடித்தால், உடல் மெலிந்தால், மலம் கறுத்தால், விழுங்கக் கஷ்டப்பட்டால், வீட்டில் எவருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், மன்னார் வைத்தியசாலைக்குப் போய் ஹெலிக்கோபக்டர் பைலோரி பற்றிக் கேளுங்கள். குளிசை தந்தால் கடைசி ஒன்றுவரை போடுங்கள். முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, தொற்று ஒழிந்ததா என்று மறுபடி பரிசோதியுங்கள்.