ஆடிக் காற்றும் அண்ணாமலை விளக்கும்

ஆடிப் பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதை நெடுக எரிகிற தெருவிளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, யோசித்ததுண்டா? அதில் ஒரு பங்கு கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் காற்றும் தருவதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, அங்குள்ள கணவாயில் நெருக்கியடித்துப் புகும்போது வேகமெடுக்கிறது. முப்பந்தலில் வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகள் அந்த வேகத்தை மின்சாரமாக்கி, மாநிலம் முழுவதற்கும் பொதுவான மின்தொகுப்பில் சேர்க்கின்றன. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது தமிழ்நாட்டின் காற்றாலை மின்னுற்பத்தி. இன்று காற்றாலைத் திறனில் இந்தியாவின் முன்னணி மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

"காற்றை நம்பி ஊர் நடக்குமா? ஐப்பசி வந்தால் வேகம் அடங்கிவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், வைகாசி முதல் புரட்டாசி வரைதான் நல்ல காற்று. ஆனால் காற்றாலை தனியாளாக ஊரைச் சுமக்க வேண்டியதில்லை. அது சுழலும் மாதங்களில், அனல்மின் நிலையங்களில் எரிக்கும் நிலக்கரி அந்த அளவுக்கு மிச்சம். மிஞ்சுகிற மின்சாரத்துக்கும் வழி இருக்கிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில், தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவை கூடும்போது கீழே திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஆகவே காற்று ஓய்வதைக் குறை சொல்வதைவிட, அது வீசும்போதே சேமித்துவைக்கும் இடங்களைப் பெருக்குவதுதான் புத்திசாலித்தனம்.