தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லியில் நமது குடியிருப்புக்கு அடுத்த தெருவில் வசிக்கும் அன்பர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்தார். அவர் பாலக்காடு மாவட்டத்தின் கீழைக் கோடியில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஊரில் தாயாரும் தமையனார் குடும்பமும் இருக்கின்றனர். வீட்டுக் கிணறு வற்றிவிட்டதென்று தாயார் சொல்ல, அன்பர் இங்கிருந்து பணம் அனுப்பி ஆழ்துளைக் கிணறு ஒன்று போடச் செய்திருந்தார். நீரும் கண்ணாடிபோல் வந்தது. பள்ளியில் படிக்கும் தமையனார் மகன் எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு பாட்டில் நீரைப் பரிசோதனைச்சாலையில் கொடுத்து, கிடைத்த ஆங்கில அறிக்கையைக் கைப்பேசி வழியே அனுப்பியிருந்தான். அதைத்தான் அன்பர் அச்செடுத்துக் கொண்டு வந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு நமது தொழிலாதலால், இத்தகைய தாள்கள் நம்மிடம் வருவது வழக்கம்.

நிறம், மணம், கலங்கல் எல்லாம் குறையின்றி இருந்தன. மலக்கிருமி இல்லை. புளோரைடு என்ற வரியில் மட்டும் 2.4 என்றிருந்தது.

"கிருமி இல்லையென்று போட்டிருக்கிறதே, அண்ணா! அப்புறம் என்ன?" என்றார் அன்பர். வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று உண்டென்பது நமக்குத் தெரியும். ஆகவே அவரை உட்கார வைத்து விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று சொன்னதையே, சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்ந்து, ஊருக்குப் பணம் அனுப்பி வரும் நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

நீரை மதிப்பிட நம் முன்னோர் நம்பியது கண்ணையும் நாக்கையுமே. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோயம்புத்தூரார் பெருமையுடன் பேசும் சிறுவாணி நீரையே எடுத்துக்கொள்வோம். அந்த அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டில். கேரள, தமிழ்நாட்டு அரசுகளுக்கிடையே 1973-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பெற்று, 1984 முதல் பயன்பட்டு வருகிறது. மழைநீர் அடர்ந்த காட்டினூடே கடும்பாறைமீது விரைந்தோடி வருவதால் உப்புகள் கரைவதற்கு அவகாசமில்லை. அதனால்தான் அந்நீருக்கு அத்தனை இனிமை. நாக்கு அங்கே சரியாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நீரையும் வடிகட்டி, குளோரின் சேர்த்த பின்னரே குழாயில் விடுகிறார்கள். ஏனெனில் நாக்குக்கு எட்டாதவை இரண்டு உண்டு: ஒன்று நோய்க்கிருமி, மற்றொன்று சுவையின்றிக் கரைந்திருக்கும் நஞ்சு.

கிருமியை முதலில் பார்ப்போம். பாலக்காடு நகரத்துக் குழாய்களுக்கு மலம்புழை அணையிலிருந்து நீர் வருகிறது. பாலக்காடு மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை இராஜ்யத்தில் இருந்த காலத்தில், 1949-இல் தொடங்கி 1955-இல் முடிந்த அணை அது. அணைநீர் மழைக்காலத்தில் செம்மண் கலந்து வரும். அதில் படிகாரம் கரைத்தால் நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும். பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தது இதே காரியத்துக்குத்தான். தெளிந்த நீரை மணற்படுகை வழியே வடித்து, குளோரின் சேர்த்து, அரைமணி நேரமேனும் நிறுத்தி வைத்தால் பெரும்பாலான கிருமிகள் மடியும்.

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும்போது நன்றாயிருக்கும் நீர், வீட்டுக் குழாயை அடையும்போது கெடுவது எவ்வாறு? நம் நகரங்களில் பெரும்பாலும் நாள் முழுதும் நீர் விடுவதில்லை. நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. எங்கேனும் விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்தால், அருகிலோடும் சாக்கடை நீரைக் குழாய் உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த முறை நீர் விடும்போது அதுவே முதலில் வந்து சேர்கிறது. முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றும் இல்லத்தரசியின் பழக்கம் மிகவும் நியாயமானது.

இதற்காகவே குளோரினைச் சற்று மிகுதியாகச் சேர்க்கிறார்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் விதி. அது எஞ்சியிருந்தால் வழியில் புகுந்த கிருமியையும் ஓரளவு அழிக்கும். முன்னாளில் நீரில் ஆர்த்தோடாலிடின் துளிகளை விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறதென்று பார்த்தார்கள். இப்போது இளஞ்சிவப்பாக மாறும் வேறொரு மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். மருந்து வாடை அடிக்கிறதென்று குழாய்நீரை வெறுப்போர் பலர். அளவோடு இருக்கும் அந்த வாடை காவற்காரன் விழித்திருப்பதற்கு அடையாளம்.

நீரில் டைபாய்டு, காலரா முதலிய நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே மனிதரும் விலங்குகளும் கழிக்கும் மலத்தில் எப்போதும் மிகுந்திருக்கும் ஈ.கோலி என்னும் கிருமியையே தேடுகிறார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது. எந்த நோயும் உடன் வரக்கூடும். 100 மில்லிலிட்டர் நீரில் அது ஒன்றுகூட இருத்தலாகாது என்பது விதி. கிராமங்களில் இப்போது கொடுக்கும் எளிய சோதனைக் குப்பியில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்திருந்தால், மலக்கலப்பு உள்ள நீர் கறுத்துவிடும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் இச்சோதனையைச் செய்ய ஊருக்கு ஐந்து பெண்களைப் பயிற்றுவிக்க ஏற்பாடு உண்டு.

இடுக்கி மாவட்டத்து மலைகளில் இந்தக் கறுப்பைத்தான் கவனிக்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் நம்மவர்க்கு ஊற்றுநீரே ஆதாரம். மலையூற்று என்றாலே தூயதென்பது எண்ணம். ஆனால் ஊற்றுக்கு மேற்புறச் சரிவில் கழிப்பிடக் குழியோ மாட்டுத் தொழுவமோ இருந்தால், மழைக்காலத்தில் அதன் கசிவு ஊற்றில்தான் வந்து சேரும். ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கீழே பூச்சிமருந்தும் சேரலாம். அதைக் கையடக்கச் சோதனைப் பெட்டி காட்டாது. பெரிய பரிசோதனைச்சாலைதான் காட்டும்.

கிருமிக்கு மருந்து எளிது: நன்றாகக் கொதிக்க வைத்தல். சீரகமோ பதிமுகமோ இட்டுக் கொதித்து, இளஞ்சிவப்பு நிறத்தில் விருந்தினர்முன் வைக்கும் வெந்நீர் கேரள வீடுகளின் நல்வழக்கம். நமது அன்பரின் தாயாரும் அவ்வாறே செய்து வந்தார். ஆழ்துளைக் கிணற்று நீரையும் கொதிக்க வைத்துத்தான் குழந்தைக்குக் கொடுத்தார். துன்பம் அங்கேதான். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்ட, எஞ்சிய நீரில் அதன் அளவு சற்றுக் கூடவே செய்யும். துணியில் வடித்தாலும் சாதாரண வடிகட்டியில் ஊற்றினாலும் போகாது.

புளோரைடு என்பது தொழிற்சாலைக் கழிவன்று. பூமியிலிருந்து வருவது. கருங்கற்பாறையில் கலந்துள்ள மைக்கா முதலிய சில கனிமங்களில் அது அடங்கியிருக்கிறது. கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைந்த சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில், நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கிப் புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. ஆழம் கூடக்கூட அவ்வாறு தங்கிய நீரே பெரும்பாலும் கிடைக்கிறது. மழையால் புதுப்பிக்கப்படும் மேற்கிணறுகளில் குறைவாகவும் ஆழ்துளைக் கிணறுகளில் மிகுதியாகவும் அது இருப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு விந்தையும் உண்டு. சுண்ணச்சத்து மிகுந்த நீரில் புளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணச்சத்து குறைந்த நீரிலோ கரைந்தே இருக்கும். எனவே பல இடங்களில் சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரே புளோரைடு மிகுந்ததாக அமைகிறது. பருப்பு வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்று மகிழ்ந்து குடித்துக்கொண்டிருப்பர்.

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது, ஆயிரம் லிட்டர் தொட்டி நீரில் ஒரு கிராம் கரைந்திருப்பதற்குச் சமம். அவ்வளவு சிறிய அளவு போதும் வரம்பைத் தொட. வரம்பைத் தாண்டிய நீரைப் பல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், தொடர்ந்து குடிக்கும் குழந்தையின் பற்களில் முதலில் சுண்ணாம்பு வெண்மையும், பின்னர் மஞ்சளும் பழுப்புமான கறைகளும் தோன்றும். துலக்கினால் போகாது, முளைக்கும் முன்பே எனாமலில் ஏறிய கறை அது. அளவு இன்னும் மிகுந்து பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளையாது போகும். இந்தியாவில் இந்நோயை மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்தது 1937-இல், அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். வந்த எலும்பு நோயை மாற்ற மருந்தில்லை. நீரை மாற்றுவதொன்றே வழி.

அறிக்கையைத் தமிழாக்குவோர்க்கு இடர் தரும் இடம் ஒன்றுண்டு. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். புளோரைடுக்கு 1.0, 1.5, கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கு 500, 2,000. முதலாவது ஏற்கத்தக்க வரம்பு. இரண்டாவதை 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று மட்டும் எழுதிவிட்டால், படிப்பவர் அதுவரை கவலையில்லை என்று கொள்வார். மூலத்தில் இருப்பதோ, 'வேறு நீர்வழி இல்லாதபோது மட்டும் அனுமதிக்கப்படும் வரம்பு' என்பது. வாலை வெட்டிய மொழிபெயர்ப்புகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நைட்ரேட்டு, ஈயம், காட்மியம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகையும் இல்லை, ஒரே வரம்புதான். அன்பர் கொண்டுவந்த 2.4 இரண்டு எண்களையும் தாண்டியிருந்தது.

நாக்கே முந்திக்கொண்ட கதையும் அதே சித்தூர் வட்டத்தில் உண்டு. பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-இல் கோக்கோ கோலா பானத் தொழிற்சாலை தொடங்கிற்று. பின்னர்ச் சுற்றிலுமுள்ள கிணறுகளில் நீர் குறைந்தது, சுவை கெட்டது, சோறு சமைக்க உதவவில்லை என்று பழங்குடிப் பெண்கள் முறையிட்டனர். மயிலம்மா என்ற மூதாட்டி முன்நிற்க, 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கிற்று. 2003-இல் அத்தொழிற்சாலைக் கழிவுச் சேற்றில் காட்மியமும் ஈயமும் இருந்தமையை, இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பரிசோதிப்பித்து வெளியிட்டது பி.பி.சி. வானொலி. உழவர்கள் அச்சேற்றை எருவென்று வாங்கி வயலில் இட்டிருந்தனர். தீங்கேதும் இல்லையென்றே நிறுவனம் கூறி வந்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் இழப்பை ஏறத்தாழ 216 கோடி ரூபாயென மதிப்பிட்டது.

புளோரைடு நீருக்குப் பரிகாரம் என்ன? நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக் கழகம் வகுத்த முறை ஒன்று உண்டு; ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டப் பெயரால் அறியப்பட்டது. இப்போது அம்மாவட்டம் தெலங்கானாவில் உள்ளது. சுண்ணாம்பும் படிகாரமும் அளவறிந்து சேர்த்துப் புளோரைடைப் படியச் செய்வது அம்முறை. வீட்டில் கண்திட்டமாகச் செய்யத்தக்கதன்று. படிகாரம் மிகுந்தால் அலுமினியம் நீரில் தங்கும். எதிர்ச் சவ்வூடு முறைக் கருவி புளோரைடை நீக்கும். ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்கு அதைவிட மிகுதியான நீரைக் கழிவாகத் தள்ளிவிடுவது பல வீடுகளில் காணும் காட்சி. கிணறு வற்றும் ஊரில் அதையும் எண்ண வேண்டும். சிறந்த வழி, ஆற்று நீரையோ அணை நீரையோ குழாயில் கொணர்ந்து குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வது. மேற்பரப்பு நீரில் புளோரைடு பொதுவாகச் சொற்பமே.

சோதனைக்கு நீர் எடுப்பதிலும் முறையுண்டு. உப்பு வகைகளைச் சோதிக்கச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மும்முறை அலசி நிரப்பினால் போதும். கிருமிச் சோதனைக்குப் பரிசோதனைச்சாலையார் தரும் கிருமி நீக்கிய குப்பியே வேண்டும், அதை அலசலாகாது. எஞ்சிய குளோரினை முறிக்கும் மருந்து அதனுள் இருக்கும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, வாயில் விரல் படாமல் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றே சேர்ப்பிக்க வேண்டும். பழைய சோடா பாட்டிலில் மூன்று நாள் கழித்துக் கொடுத்தால் பாட்டிலின் வரலாறுதான் தெரியவரும். கேரள நீர் ஆணையத்துக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் மாவட்டங்களில் பரிசோதனைச்சாலைகள் உள்ளன. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சோதிக்கலாம். ஊருக்குக் கிணறு வெட்டப் பணம் அனுப்பும்போது இந்தக் கட்டணத்தையும் சேர்த்து அனுப்புவது நலம். மழைக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும்.

அன்பர் வீட்டில் இப்போது ஆழ்துளை நீர் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டுமே. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருக்குழாய் நீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் பதிமுகம் இட்டுக் கொதிக்க வைக்கிறார் தாயார். அந்த நீரையும் சோதித்தாயிற்று: புளோரைடு வரம்புக்குள், ஆனால் எஞ்சிய குளோரின் அறவே இல்லை. வீடு குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாமென்றால், மலையாளத்தில் எழுத வேண்டுமே என்று தமையனார் தயங்கினார். தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதி முடித்தோம். குளோரின் அளவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அறிக்கையின் நகலையும் இணைத்தோம்.