வால் நுனி மட்டும் மங்கல்

நவம்பர் மாதக் காலை. எங்கள் டில்லி வீட்டு பால்கனியில், கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு தட்டான். மாக்ரோ லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண் தெளிவாக விழுந்தது, இறக்கை புகையாகிவிட்டது. இறக்கையைப் பிடித்தால் கண் போயிற்று.

பொருளை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழச் செய்தால், எஃப் 8 துவாரத்தில்கூடத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். துவாரத்தை மிகவும் சுருக்கினால் ஒளி வளைந்து பரவி, படமே மழுங்கும்.

இதற்கு 'ஃபோகஸ் ஸ்டாக்கிங்' என்று ஒரு வழி உண்டு. காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 30, 40 படங்கள் எடுக்க வேண்டும். ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருள், ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைப் பொறுக்கி ஒரே படமாக்கிவிடும். நடுவில் பூச்சி அசைந்தால் போச்சு. என் முதல் முயற்சியில் தட்டானுக்கு எட்டுக் கால்கள்!

"பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அசையாது" என்றார் நண்பர். அப்படிச் செய்பவர்கள் உண்டு. கொன்றே எடுப்பவர்களும் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. (சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தட்டானைப் பார்த்தால் என் மனைவி என்ன செய்வாள் என்பது வேறு விஷயம்.)

பிறகுதான் உறைத்தது, டில்லிக் குளிரே ஃப்ரிட்ஜ்தானே! உடம்பு சூடேறாமல் தட்டானால் பறக்க முடியாது. வெயில் வருமுன் எழுந்து காத்திருந்தேன். நாலாம் நாள் ஒன்று கிடைத்தது. 27ஆவது படத்தில் இறக்கை நடுங்கியது, பறந்துவிட்டது.

வால் நுனி மட்டும் மங்கல். அந்தப் படம்தான் எங்கள் ஹாலில் தொங்குகிறது.