காட்டைக் காக்கும் கண்

அமெரிக்க நாட்டின் அலாஸ்கா ராஜ்யத்தில் காட்மாய் என்னும் தேசிய வனம் இருக்கிறது. அங்குள்ள புரூக்ஸ் அருவிக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது; ஆகாய விமானமோ படகோ வேண்டும். ஜூலை மாதத்தில் சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளி ஏற, பழுப்புக் கரடிகள் வாயைத் திறந்து காத்து நிற்கும். அருவியருகே மேடையில் ஒரே சமயத்தில் 40 பேருக்குத்தான் இடம். கூட்டம் மிகுந்தால் ஒருவருக்குக் குறிப்பிட்ட நேரமே அனுமதி.

பொது ஜனங்களின் உடைமையாகிய வனத்தைக் காணும் உரிமை, பிரயாணச் செலவுக்குப் பணம் உள்ளவனுக்கு மட்டுந்தானா? இக்கேள்விக்கு 2012-ஆம் வருஷத்தில் விடை கிடைத்தது. அனன்பெர்க் தர்ம ஸ்தாபனத்தின் பிரிவான எக்ஸ்ப்ளோர், அங்கே காமிராக்களை நாட்டி, நடப்பதை நடக்கும்போதே இணையத்தின் வழியே இலவசமாகக் காட்டத் தொடங்கிற்று. குளிர்காலத் துயிலுக்கு முன் நன்கு கொழுத்த கரடி எது என்று ஜனங்களே வோட்டளிக்கும் போட்டி 2014-இல் ஒரு நாள் வேடிக்கையாகப் பிறந்து, மறு வருஷமே வார விழாவாயிற்று. 2023-இல் பதிவான வோட்டுகள் 10 லட்சத்துக்கு மேல்!

இது வெறும் வேடிக்கை என்பார் சிலர். 2023 செப்டம்பரில் அதே வனத்தின் மலையொன்றில், மூடுபனியில் வழி தவறிய ஒருவர் காமிராவின் முன் வந்து உதவி கேட்டார். எங்கோ இருந்து பார்த்தவர்கள் செய்தி கொடுக்க, வனக் காவலர் சென்று அவரைக் காப்பாற்றினர். பார்ப்பவன் காவலனும் ஆனான்!

விளம்பரம் கூட்டத்தைச் சேர்க்கும், கூட்டம் வனத்தைக் கெடுக்கும் என்னும் ஆட்சேபம் வலுவுடையது. அதை யாம் தள்ளிவிடவில்லை. அதற்குப் பரிகாரம் கண்ணை மூடுவதன்று; மேடையில் ஆட்கணக்கைக் கட்டுப்படுத்துவதே. காட்மாய் இரண்டையும் சேர்த்தே செய்கிறது. காண்டாமிருகம் போன்ற, கள்ள வேட்டைக்காரர் தேடும் பிராணிகளின் இருப்பிடத்தை மட்டும் எந்தக் காமிராவும் வெளியிடலாகாது.

காட்டுவதில் உண்மையும் வேண்டும். 2024-இல் ஓர் ஆண் கரடி ஒரு பெண் கரடியைக் கொன்றது காமிராவின் முன்னே நிகழ்ந்தது. அதிகாரிகள் போட்டி அறிவிப்பைத் தள்ளி வைத்தனரேயன்றி, நடந்ததை மறைக்கவில்லை. பிரயாணிகளைக் கவர அழகை மட்டும் காட்டுவது கடைக்காரன் தந்திரம். வனத்தை உள்ளபடி அறிந்த ஜனங்களே, அதற்கு ஆபத்து நேருங்கால் எழுந்து நின்று கேள்வி கேட்பார்கள். காணாத பொருளுக்காக வழக்காட எவன் முன்வருவான்?