கார்டில் சிவிவி எண் எங்கே இருக்கிறது?

பெண்ணாடத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், இணையத்தில் ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்ததும் என்னிடம் கேட்பது இதுதான்: "கார்டு நம்பர் போட்டாச்சு சார், சிவிவின்னு கேட்குதே, அது எங்கே இருக்கு?"

கிரெடிட் கார்டைத் திருப்பிப் பாருங்கள். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே கார்டுகளில் பெரும்பாலும் பின்பக்கம், கையெழுத்துப் பட்டையிலோ அதன் அருகிலோ மூன்று இலக்கங்கள் இருக்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றால் முன்பக்கம், நான்கு இலக்கங்கள். இது ஏடிஎம் பின் நம்பர் அல்ல. அச்சிட்ட இந்த எண் காந்தப் பட்டையில் பதியப்படுவதில்லை. எனவே பட்டையை மட்டும் நகலெடுக்கும் திருடனுக்கு இது கிடைக்காது.

2009 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். இன்று அது பெரும்பாலும் ஓடிபி. ஆனால் சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி மூன்றும் தெரிந்தால் அங்கே உங்கள் பணம் போய்விடும்.

ஆகவே கார்டை போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். போனில் சிவிவி கேட்டால் அது மோசடிதான். வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லை என்றால் வங்கியின் ஆப்பில் அதை நிறுத்தி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், 1930 எண்ணுக்கும் தெரிவியுங்கள்.