கணவாய்க் காவலும் மதுரைக் கொத்தளமும்: கோட்டைகள் போரில் செய்த வேலை

கம்பம் பள்ளத்தாக்கை மலைகள் சூழ்ந்திருக்கின்றன. மேற்கே சேர நாட்டுக்கு ஏற குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு எனச் சில வழிகளே உண்டு. வடகிழக்கில் மட்டும் நிலம் திறந்து கிடக்கிறது; ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் மதுரைச் சீமை. போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை ஆகிய பழைய பாளையங்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். மூன்றும் மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டி வரிசையாக இருக்கும். மலைவழியைக் காப்பவர் கையில்தான் மிளகுப் பொதியும் படை நடமாட்டமும் இருந்தன.

16-ம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் பாளைய முறையை வகுத்தபோது, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் 72 பாளையக்காரர்களின் பொறுப்பில் விட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. எல்லையில் பகைவனைத் தாமதப்படுத்த ஓர் அடுக்கு, தலைநகரில் இன்னோர் அடுக்கு. எல்லையில் கிடைக்கும் அவகாசத்தில் மதுரை படை திரட்டிக்கொள்ளலாம். கோட்டை பகைவனை ஒழிப்பதற்காகக் கட்டப்படுவதில்லை. அவனை ஓரிடத்தில் நிறுத்தி, பீரங்கியையும் ஆளையும் உணவையும் அங்கேயே செலவழிக்க வைப்பதுதான் அதன் வேலை.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்த வெளியே ஒரு படை இல்லையென்றால் என்ன ஆகும்? மதுரையே சாட்சி. 1763-ல், மதுரையை ஆண்ட யூசுப்கான் (மருதநாயகம்) காத்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் முற்றுகையிட்டன. மழைக்காலம் முற்றுகையைக் கலைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் சுவரேற வந்தவர்களையும் யூசுப்கான் விரட்டினார். பிறகு அவர்கள் சுவரை விட்டுவிட்டு உணவு வரும் வழிகளை அடைத்தார்கள். பட்டினி முற்றியது, உதவிப் படை வரவில்லை. கடைசியில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட அவரது உடலின் ஒரு பகுதி பெரியகுளத்தில் புதைக்கப்பட்டது என்பது அந்தப் பகுதியில் வழங்கும் செய்தி.

ஈழத்தில் 2000 ஏப்ரலில் இலங்கை ராணுவத்தின் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்ததும் இதே கணக்கில்தான். பலமுறை தாக்கப்பட்டும் நின்ற தளம், குடிநீரும் வழங்கல் பாதையும் அறுந்ததும் கைவிடப்பட்டது.

பாஞ்சாலங்குறிச்சி எனக்கு இன்னும் வியப்பைத் தருகிறது. 1799-ல் கும்பினி இடித்துத் தள்ளிய கோட்டையை, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் 1801-ல் மண்ணாலேயே மறுபடி எழுப்பினார்கள். சுற்றிலும் முள்வேலி. கல் மதில் குண்டு பட்டால் உடைந்து சரியும்; மண் மதிலோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் தாக்குதல் பெருஞ்சேதத்துடன் முறிந்தது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் கனரகப் பீரங்கிகளோடும் வந்த பிறகே மே 24 அன்று கோட்டை விழுந்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டு மாதம் ஊமைத்துரையின் கைக்கு வந்திருந்தது. தப்பிய அவர் சிவகங்கையின் மருதுபாண்டியரோடு சேர்ந்து காளையார்கோவில் காடு வரை போரை நீட்டினார். அக்டோபர் தொடக்கம் வரை அங்கே தாக்குப்பிடித்தார்கள்.

மண்கோட்டை எவ்வளவு விலை கேட்கும் என்பதைக் கும்பினி நன்றாகவே புரிந்துகொண்டது. 1799-லேயே மேஜர் பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பாளையக்காரர்களுக்கு உத்தரவிட்டிருந்தார். 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தது. சில பத்தாண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். வரி கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்திப் பேரம் பேசும் வலிமை அதற்குள் பாளையக்காரர்களின் கையைவிட்டுப் போயிருந்தது.