தசரா பத்து நாளில் பாதியாகும் விதை

தசரா கொடியேற்றத்துக்குள் பதில் வேண்டும் என்று குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம். அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்; மூளைக்குப் பரவிவிட்டதால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. மகன் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு விரதத்தில் இருக்கிறார். மூளைக்குள்ளேயே கதிர்வீச்சு வைப்பதை அமெரிக்க அரசு அங்கீகரித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படித்திருக்கிறார். ஆபரேஷனைத் தசரா முடிந்து வைத்துக்கொண்டு, அதையே செய்துவிடலாமா என்று கேட்கிறார். இதே குழப்பத்தோடு வேறு சில கடிதங்களும் வந்திருக்கின்றன.

முதலில் அந்த 'அங்கீகாரம்'. காமா டைல் என்ற கதிர்வீச்சுத் தகட்டுக்கு 2018-ல், மீண்டும் வளர்ந்த மூளைக்கட்டிகளுக்காகவும், 2020-ல் புதிதாகக் கண்ட புற்றுக்கட்டிகளுக்காகவும் அங்கே அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு கருவிக்கு ஈடானது என்று காட்டினால் கொடுக்கும் அனுமதி அது. மற்ற சிகிச்சையைவிட இது மேல் என்ற தீர்ப்பு அதில் இல்லை. விளம்பரத்தில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

ஆனால் தகட்டின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் மெல்லிய கொலாஜன் துண்டு. அதற்குள் சீசியம்-131 அடைத்த நான்கு விதைகள். கட்டியை எடுத்ததும், மண்டையோட்டை மூடுமுன், குழிச் சுவரில் ஒட்டவைக்கிறார்கள். விதை மூளைத்திசுவை நேரே தொட்டால் அந்த இடம் வெந்து புண்ணாகும். பக்கத்தில் இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வீரியம் தடாலென்று மாறும். தூரம் இரு மடங்கானால் வீரியம் நாலில் ஒரு பங்கு. எனவே கொலாஜன் இடையில் நின்று விதையை மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளியே வைக்கிறது. வெளிக்கதிரென்றால் காயம் ஆறக் காத்திருக்க வேண்டும். இது அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. சீசியம்-131-ன் அரை ஆயுள் 9.7 நாள். குலசையில் கொடியேறிய நாளில் முழு வீரியத்தோடு இருக்கும் விதை, கடற்கரையில் சூரசம்ஹாரம் முடியும்போது ஏறக்குறைய பாதிதான். அலமாரியில் வாங்கி வைக்க முடியாது. ஆபரேஷன் நாளைக் கணக்கிட்டே வரவழைக்க வேண்டும். ஐந்து நாள் தள்ளினால் முப்பது சதவீதம் போய்விடும். கடல் தாண்டி வரும் விதைக்கு வழியில் ஒரு நாள் தாமதமும் நஷ்டம்தான். இங்கேயே மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரிக்கும் அயோடின்-125 விதையின் அரை ஆயுள் சுமார் 60 நாள். சென்னை சங்கர நேத்ராலயாவில் கண்புற்றுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மூளைக்குப் பரவிய கட்டிக்கு நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் சொல்வது வெளியிலிருந்து குறிவைத்துத் தரும் கதிர்தான். அது தரம் குறைந்த சிகிச்சை இல்லை.

குலசை அன்பருக்கு: இந்தத் தகட்டுக்காகவோ விரதத்துக்காகவோ நீங்களாக ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீர்கள். மூளை வீக்கம் காத்திருக்காது. தேதியை மாற்றுவதென்றால் டாக்டர் மாற்றட்டும்.

மற்ற கேள்விகள்:

தகட்டைப் பிறகு எடுப்பார்களா? இல்லை, கொலாஜன் கரைந்துவிடும், டைட்டானியம் உறையிட்ட விதைகள் அங்கேயே இருக்கும்.

கொலாஜன் எதிலிருந்து? மாட்டிலிருந்து, மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல்வர் காப்பீட்டில் வருமா? அட்டையை மட்டும் நம்பாமல், ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாமா? முதல் சில வாரம் வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.